இருங்காட்டுக்கோட்டைக்கும் ஓஎம்ஆருக்கும் ஒரே ஜோடி டயர் போதுமா?

கேள்வி: மேடவாக்கத்தில் இருக்கிறேன். டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 ஓட்டுகிறேன். தினமும் சிறுசேரிக்கு வேலைக்குப் போய்வர 40 கிலோமீட்டர் ஆகிறது. வருடத்துக்கு இரண்டு தடவை இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதையில் டிராக் டேக்கு (அவரவர் வண்டியை அவரவரே பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்) போவேன். வண்டியோடு வந்த மிஷ்லின் ரோடு 5 டயர்கள் 11,000 கிலோமீட்டர் ஓடிவிட்டன. பின் டயர் நடுவில் தேய்ந்து சப்பையாகிவிட்டது, இரண்டு பஞ்சரும் போட்டிருக்கிறேன். நண்பர்கள் "சாஃப்ட் காம்பவுண்ட் போடு, பின்னாடி 160 சைஸ் போடு, டிராக்ல காத்தை 20க்கு இறக்கு" என்கிறார்கள். டயர் கடைக்காரர் இந்தியக் கம்பெனி டயரே போதும் என்கிறார். எதைப் போடலாம்? டிராக்குக்கென்று தனி ஜோடி வாங்கலாமா? நைட்ரஜன் பிடித்தால் நல்லதா?

பதில்: முதலில் அந்தப் பின் டயர். இரண்டு ஸ்ட்ரிப் ஏறிய டயரோடு டிராக்குக்குப் போகாதீர்கள். ஆபீஸ் போய்வர அது இன்னும் கொஞ்ச நாள் தாங்கலாம். ஆனால் வெளியிலிருந்து திணித்த ஸ்ட்ரிப் வெறும் அடைப்புதான். ஆணி போன வழியில் உள்ளே இருக்கும் பெல்ட்டின் இழை அறுந்திருக்கிறதா என்பது டயரைக் கழற்றிப் பார்க்காமல் தெரியாது. நேர்பாதையில் 140ஐத் தாண்டி, அடுத்த நொடி பிரேக் பிடித்து, வண்டியை முழுக்கச் சாய்க்கும் இடத்தில் அந்தச் சந்தேகத்தோடு ஓட்டக் கூடாது. ஆக, டயர் மாற்றத்தான் வேண்டும். எதை என்பதுதான் கேள்வி.

டயர் வாங்க வருகிறவர்கள் 'எது அதிகம் கிரிப்' என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, 'உங்கள் டயர் எவ்வளவு சூட்டில் வாழப்போகிறது?' ரப்பர் கலவை (காம்பவுண்ட்) ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சூட்டில்தான் தார்ச்சாலையைப் பிடிக்கும்படி செய்யப்படுகிறது. அந்தச் சூட்டுக்குக் கீழே இருந்தால் விறைத்துக்கொண்டு வழுக்கும். மேலே போனால் குழைந்து, மேல்தோல் கிழிய ஆரம்பிக்கும். பந்தயத்தில் போடும், வெட்டுகளே இல்லாத ஸ்லிக் டயரை வார்மர் போர்வை சுற்றி 80 டிகிரி வரை சூடாக்கிய பிறகுதான் பாதையில் இறக்குகிறார்கள். போர்வையைக் கழற்றிய பிறகும் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்வது ஓட்டுபவரின் வேலை. அந்த வகைக்குப் பக்கத்தில் நிற்கும் 'சாஃப்ட்' டயரைப் போட்டுக்கொண்டு காலை ஏழரை மணிக்குச் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்று நின்று போவது, காயாத கல்லில் தோசை ஊற்றுவது மாதிரிதான். காசு கொடுத்து வாங்கிய கிரிப் ஒரு நாளும் வெளியே வராது. நடுப்பகுதி மட்டும் சில ஆயிரம் கிலோமீட்டரில் மொட்டையாகிவிடும்.

இன்னொரு விஷயம் உங்கள் வண்டியே. ஆர்ஆர் 310 ஒற்றைச் சிலிண்டர் வண்டி. 312 சிசி, மாடலைப் பொறுத்து 34 முதல் 38 குதிரைத்திறன், எடை 174 கிலோ. டயரைச் சூடாக்குவது எடையும் முறுக்குத்திறனும் பிரேக்கும்தான். ஆயிரம் சிசி வண்டி ஒன்று வளைவிலிருந்து வெளியே வரும்போது பின் டயரைப் பிசைவதுபோல உங்கள் வண்டியால் பிசைய முடியாது. இது குறை இல்லை, ஒரு வகையில் அதிர்ஷ்டம். சாலை டயரிலேயே நீங்கள் நன்றாக ஓட்டலாம், டயரும் அவ்வளவு சீக்கிரம் சாகாது. வருடத்துக்கு இரண்டு தடவை போகும் ஒருவர், டயரின் எல்லைக்கு வருமுன்பே தன் எல்லைக்கு வந்துவிடுவார். உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. பிரேக்கை எங்கே விடுவது, கண்ணை எங்கே வைப்பது என்பதில் கிடைக்கும் நொடிகளை எந்தக் கலவையும் தராது.

உங்களிடம் இப்போது இருக்கும் ரோடு 5 ஸ்போர்ட் டூரிங் வகை. நீண்ட ஆயுள், மழையில் நம்பிக்கை, ஏறி உட்கார்ந்து கிளம்பினவுடனே வேலை செய்யும் குணம் ஆகியவை இதன் பலம். டிராக்கில் தொடர்ந்து ஆறேழு சுற்று அழுத்தினால் லேசாக எண்ணெய் தடவியதுபோல மிதக்க ஆரம்பிக்கும், அவ்வளவுதான். அதற்கு அடுத்த படி சாலைக்கான ஸ்போர்ட் டயர். பிரெல்லியின் டயப்லோ ரோஸ்ஸோ வரிசை இதில் வரும். நம் ஊர்க் கம்பெனிகளில் அப்போலோ ஆல்ஃபா ஹெச்1, மதுரையில் தலைமையகம் உள்ள டிவிஎஸ் யூரோகிரிப்பின் புரோடார்க் எக்ஸ்ட்ரீம், எம்ஆர்எஃப்பின் ஸ்டீல் பிரேஸ் ஆகியவற்றைப் பார்க்கலாம். அதற்கும் மேலே சூப்பர்கோர்சா போன்ற, சாலையில் ஓட்டச் சட்டப்படி தடையில்லாத, ஆனால் டிராக்கை மனதில் வைத்துச் செய்த டயர்கள். உங்கள் நண்பர்கள் சொல்லும் 'சாஃப்ட்' இந்த மூன்றாவது வகை.

நான் சொல்வது நடு வகையை. சாலைக்கான ஸ்போர்ட் டயர், ரேடியல் (உள்ளிழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடும் கட்டமைப்பு), முன்னும் பின்னும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல். பல மாடல்களில் நடுப்பகுதிக்குக் கெட்டிக் கலவையும் இரு ஓரங்களுக்கு மென்மையான கலவையும் வைத்திருப்பார்கள். உங்கள் வாழ்க்கைக்கு அது பொருந்தும். ஓஎம்ஆரில் தேய்வது நடு, இருங்காட்டுக்கோட்டையில் உழைப்பது ஓரம். கலவையில் சிலிக்கா இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஈரத்திலும் குறைந்த சூட்டிலும் பிடிப்பு தருவது பெரும்பாலும் அதுதான்.

மழையை ஏன் இழுக்கிறேன் என்றால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீங்கள் போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். மேடவாக்கம் பக்கமும் ஓஎம்ஆரிலும் மெட்ரோ வேலை. பள்ளத்தை மூடிய இரும்புத் தகடு, லாரி சிந்திய மண், சாலைக் கோடுகளின் வழவழப்பான பெயின்ட். ஈர இரும்புத் தகட்டில் எந்த டயரும் பிடிக்காது. அங்கே வண்டியை நிமிர்த்தி, பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் தொடாமல் கடப்பதுதான் வழி. ஆனால் தகட்டைத் தாண்டி ஈரத் தார் வந்ததும் சட்டென்று பிடிக்க வேண்டுமே, அங்கேதான் வெட்டுகள் குறைந்த டிராக் டயர் காலை வாரும். மழைக்காலத்தில் விடுமுறை எடுக்காமல் வண்டியிலேயே போகிறவர், டிராக் பக்கம் அவ்வளவு ஆர்வமில்லை என்றால், மறுபடி ரோடு 5 வகையே போடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் டிராக் ஆசை தெரிகிறது, அதனால் ஒரு படி மேலே.

இந்தியத் தயாரிப்பு போதும் என்று கடைக்காரர் சொன்னது சரி. லாபக் கணக்கில் சொல்லியிருந்தாலும் சரிதான். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் இறக்க முடியாது. அதிலிருந்து வெளிநாட்டு டயர்கள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. முன் டயர் இருக்கும், அதன் ஜோடி இருக்காது. இருக்கிற ஒன்று கொஞ்சம் வயதானதாக இருக்கும். அதனால் எந்த டயரானாலும் காசை எடுக்குமுன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். சின்ன நீள்வட்டத்துக்குள் அச்சடித்திருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. தகரக் கூரைக் குடோனில் நான்கு சென்னைக் கோடை பார்த்த 'பிரீமியம்' டயரைவிட, ஆறு மாதத்துக்கு முன் செய்த உள்நாட்டு டயரே எனக்கு வேண்டும். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் இறுகும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பழையதும் புதியதும் பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் விரலுக்கே தெரியும். வேகக் குறியீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். 'ஹெச்' என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், உங்கள் வண்டி அந்தப் பக்கமே போகாது. இன்னும் அதிக வேகத்துக்கான 'இசட்ஆர்' என்று போட்டிருக்கிறதே என்று அதிகம் கொடுக்காதீர்கள். கலவைக்கும் கட்டமைப்புக்கும் கொடுங்கள்.

160 சைஸ் வேண்டாம் (இந்த எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம்). இதில் பேரமே இல்லை. உங்கள் வண்டிக்கு முன்னால் 110/70, பின்னால் 150/60, இரண்டும் 17 அங்குலம். பின் ரிம்மின் அகலம் அந்த 150க்காகக் கணக்குப் போட்டது. அதே ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் இரு பக்கமும் உள்ளே கிள்ளப்பட்டு, நடு கூராகிவிடும். சாய்க்கும்போது ஓரம் தரையில் சரியாகப் படியாது, எடையும் கூடும். பார்க்கிங்கில் பின்னாலிருந்து பார்க்க நன்றாக இருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இனி காற்று. டயரைத் தேர்ந்தெடுப்பதைவிட இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். காற்றைக் குறைத்தால் டயர் தரையில் அதிகம் படியும், கிரிப் கூடும் என்பது நண்பர்களின் கணக்கு. பாதி சரி. 20 என்பது வார்மர் வைத்து ஓட்டும் பந்தய டயர்களில் கேள்விப்படும் எண். சாலை டயரின் பக்கவாட்டு அதற்காகச் செய்ததில்லை. அவ்வளவு இறக்கினால் பக்கவாட்டு நெளியும், வண்டி திரும்பச் சோம்பும், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் கொழகொழவென்று அசையும். நெளியும்போது உண்டாகும் உராய்வால் டயர் தேவைக்கு மேல் சூடாகும்.

கணக்கை ஒரு தடவை பார்த்துவிடலாம். கம்பெனி சொன்ன அளவு 28 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்). காலையில் 30 டிகிரியில் 28 பிடித்தீர்கள். நன்றாக ஓட்டி உள்ளே காற்று 65 டிகிரிக்குப் போனால் அளவு கிட்டத்தட்ட 33 ஆகிவிடும். 10 டிகிரிக்கு ஏறக்குறைய 1.4 பிஎஸ்ஐ ஏறும். சாலையில் இந்த ஏற்றம் டயர் கம்பெனி முன்கூட்டியே போட்ட கணக்கு. டிராக்கில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறும் என்பதால்தான் ஆரம்பத்தில் சிறிது குறைக்கிறோம்.

முறை இதுதான். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, வெயில் படாத இடத்தில், சொன்ன அளவைவிட 2 குறைத்து வையுங்கள். முதல் முறை ஓடிவிட்டு, பாதையை ஒட்டி வண்டிகளை நிறுத்தும் பிட் பகுதிக்குள் வந்ததும், ஹெல்மெட்டைக் கழற்றுமுன், அளவுமானியை வையுங்கள். ஐந்து நிமிடம் ஆறவிட்டு எடுத்த அளவு உதவாது. நான்கைந்து ஏறியிருந்தால் நல்லது, அப்படியே விட்டுவிடலாம். ஏழெட்டு ஏறியிருக்கிறதா? எல்லோரும் உடனே காற்றை இறக்குவார்கள். பெரும்பாலும் செய்ய வேண்டியது நேர்மாறானது. ஆரம்பத்தில் காற்று குறைவாக இருந்ததால்தான் டயர் அதிகம் நெளிந்து அதிகம் சூடாகியிருக்கிறது. ஆறிய பிறகு ஒன்று கூட்டிப் பாருங்கள், ஏற்றம் தானாகக் குறையும். ஒரு தடவைக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல் மாற்றாதீர்கள், மாற்றியதைச் செல்போனில் குறித்துவையுங்கள். சொந்தமாக ஒரு நல்ல டிஜிட்டல் அளவுமானி வாங்கிக்கொள்ளுங்கள். பங்க்கில் இருப்பதும் பஞ்சர் கடையில் இருப்பதும் ஆளுக்கொரு எண் காட்டும். உங்களுடையது தவறாகக் காட்டினாலும் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி தவறாகக் காட்டும், ஒப்பிட அது போதும்.

அளவு எடுத்த கையோடு டயரையும் பாருங்கள். டிராக் டேயில் எனக்குப் பிடித்த வேலையே இதுதான், டயர் பேசும். இருங்காட்டுக்கோட்டைப் பாதை 3.7 கிலோமீட்டர், கடிகாரச் சுற்றில் ஓடுவது. நேர்பாதை முடிந்ததும் வரும் முதல் வளைவான சி-1 வேகமான வலது வளைவு. அதனால் வலது ஓரம் முதலில் கதை சொல்லும். மேற்பரப்பு சன்ன உப்புத்தாள் போல ஒரே சீராகச் சொரசொரப்பாக இருந்தால் எல்லாம் சரி. ஓரத்தில் சின்னச் சின்ன ரப்பர் உருளைகள் ஒட்டியிருந்தால் கையால் தட்டிவிடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. மேல்தோல் மட்டும் லேசாக உருண்டு, மங்கிய நீலப் பளபளப்போடு இருந்தால் டயர் தன் சூட்டு எல்லையைத் தொட்டுவிட்டது. அடுத்த முறை இரண்டு சுற்று குறைத்து ஓட்டுங்கள். ஆழமாக, செதில் செதிலாகக் கிழிந்து, கிழிசலுக்கு அடியில் புது ரப்பர் தெரிந்தால் காற்றும் சரியில்லை, அநேகமாக பின் சஸ்பென்ஷன் செட்டிங்கும் சரியில்லை. அத்துடன் அன்றைய ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு, அங்கே இருக்கும் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். ஓரத்தில் தேயாமல் எவ்வளவு பட்டை மீதி இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்கும் பழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். மேடவாக்கம் சாலையில் அந்தப் பட்டையை அழிக்க முயன்றவர்களைத்தான் எலும்பு வைத்தியர்கள் நன்றாக அறிவார்கள்.

இடது ஓரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வலது வளைவுகள் அதிகம் உள்ள பாதையில் இடப்பக்க ரப்பர் கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும். முதல் இரண்டு சுற்றில் வலது வளைவு தந்த தைரியத்தை அப்படியே இடது வளைவுக்கு எடுத்துப் போகாதீர்கள். சூடேற்றுகிறேன் என்று பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓட்டுவதால் பெரிதாகப் பயனில்லை. நேராக இருக்கும்போது உறுதியாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, உறுதியாக பிரேக் பிடித்தால் டயர் வேகமாகச் சூடாகும்.

டயரை டிராக் டேக்கு முந்தைய நாள் மாற்றாதீர்கள். புது டயரின் மேற்பரப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்போடு இருக்கும். அது போக 150 கிலோமீட்டராவது நிதானமாக, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஓட்ட வேண்டும். ஆபீஸ் போய்வந்தாலே ஒரு வாரத்தில் முடிந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, மண்ணெண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். மாட்டும்போது பக்கவாட்டில் இருக்கும் சுழற்சி அம்பு சரியான திசையில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பேலன்ஸிங் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். அலாய் ரிம்மை மெஷினில் போட்டுக் கழற்றும் கடைக்கே போங்கள், கடப்பாரை லீவர் போட்டு நெம்பும் கடைக்கு வேண்டாம்.

தனி ஜோடியா? வருடத்துக்கு இரண்டு தடவைக்கு அவசியமில்லை. ஒவ்வொரு தடவையும் டயரைக் கழற்றி மாட்டினால் ரிம்மோடு சேரும் விளிம்பு பழுதாகும். வீட்டில் கிடக்கும் ஜோடி ஓடாமலே இறுகும். நியாயமாகச் செய்வதென்றால் தனி ரிம், தனி டிஸ்க், தனி ஸ்ப்ராக்கெட் எல்லாம் வேண்டும். மாதம் ஒரு முறை போக ஆரம்பித்து, லேப் டைம் கணக்கெல்லாம் எழுதத் தொடங்கிய பிறகு அந்தச் செலவைப் பற்றிப் பேசலாம். இப்போதைக்கு அந்தப் பணத்தில் முன் பிரேக்குக்கு நல்ல பேடும் புது பிரேக் ஆயிலும் போட்டு, மீதியில் பயிற்சியாளரோடு இன்னொரு நாள் பதிவு செய்யுங்கள்.

மாலையில் கிளம்புமுன் டயர் ஆறியதும் காற்றைக் கையேட்டு அளவுக்கு மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். அசதியில் பலர் இதை மறந்து, குறைந்த காற்றோடு பெங்களூரு நெடுஞ்சாலையில் நூறில் வருகிறார்கள். கையில் ஒரு கால் பம்ப் இருந்தால் போதும்.

நைட்ரஜன்: நாம் பிடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். பந்தயக்காரர்கள் அதை விரும்புவது முக்கியமாக ஈரப்பதம் இல்லாமல் இருப்பதற்காக, சூட்டில் அளவு ஏறுவது கணிக்கத்தக்கதாக இருக்கும் என்று. கடையில் இலவசமாகத் தந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். வழியில் குறைந்தால் சாதாரணக் காற்றையே அதன் மேல் நிரப்பலாம், ஒன்றும் ஆகாது. காசு கேட்டால் அந்தக் காசை அளவுமானிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.